கணக்கில் பிழையா, மொழியில் பிழையா? பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் முன் ஒரு விவாதம்

பதிவு 1 · இரு பிள்ளைகளின் தாய், பகாவ்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். கணவர் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறார். நான் பாலர் பள்ளி ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் கணிதம் மூன்று மொழிகளில் நடக்கிறது. மூத்த மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இப்போது இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் மலாய்மொழியில் கணிதம் பயில்கிறாள். இளைய மகன் சீனப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்குக் கணிதம் மாண்டரினில். நாங்கள் இருவருக்கும் சொல்லிக் கொடுப்பது தமிழில்.

மகனைச் சீனப்பள்ளியில் சேர்த்ததற்குக் கணிதமே காரணம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "சீனப்பள்ளியில் போட்டால் கணக்கு தானாக வந்துவிடும்" என்று உறவினர் பலரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். முதல் இரண்டு ஆண்டுகள் அவன் நன்றாகவே செய்தான், ஏனெனில் அப்போது பயிற்சி நூலில் எண்களும் படங்களுமே மிகுதி. மூன்றாம் ஆண்டில் பக்கத்துக்கு நான்கைந்து பிரச்சனைக் கணக்குகள், அதாவது வாக்கியங்களில் அமைந்த கணக்குகள், வரத் தொடங்கியதும் 82 ஆக இருந்த மதிப்பெண் 47க்கு இறங்கிவிட்டது. கேள்வித்தாளைக் கையில் வாங்கினால் எனக்குத் தெரிவது எண்கள் மட்டும்தான். கைப்பேசியில் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தால் பாதி வாக்கியம் பொருளில்லாமல் வருகிறது.

மகளின் நிலை வேறு. ஆறாம் ஆண்டு வகுப்பறை மதிப்பீட்டில் கணிதத்துக்கு அடைவுநிலை 5 (உயர்ந்தது 6) பெற்றவள், இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற இரண்டே மாதங்களில் "எனக்குக் கணக்கு வராது அம்மா" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மனம் ஓயவில்லை. 2003ஆம் ஆண்டில், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது படிவம் ஒன்றில் நுழைந்த முதல் அணி நாங்கள். தமிழில் வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டுப் போன என் கையில் ஆங்கிலப் பாடநூலைக் கொடுத்தார்கள். நானும் இதே சொல்லை என் அம்மாவிடம் சொன்னேன். விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் போய்விட்டு வந்த அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரை அந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டே படித்து முடித்தேன்.

இருவரையும் டியூஷனுக்கு அனுப்பினால் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) ஆகும். வண்டிச் செலவு தனி. சென்ற ஆண்டு மகனை எட்டு மாதம் ஒரு நிலையத்துக்கு அனுப்பினோம். பள்ளி வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிட்டு வந்ததால் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் பலத்த மழை என்று சற்று முன்னதாகவே அழைத்து வரச் சென்றபோது, வெண்பலகையில் விடைகளை வரிசையாக எழுதிப் போட்டிருப்பதையும், பதினைந்து பிள்ளைகள் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி நூலில் நிரப்பிக்கொண்டிருப்பதையும் கண்டேன். மறுநாளே நிறுத்திவிட்டோம்.

இப்போது என் கேள்வி இதுதான். மகனுக்கு எந்த மொழியில் டியூஷன் தேட வேண்டும்? அல்லது அவனைத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றிவிடுவதே நல்லதா? மகளைத் தமிழில் விளக்கும் ஆசிரியரிடம் அனுப்பலாமா, மலாய்மொழியில் நடத்துபவரிடம் அனுப்பலாமா? அனுபவப்பட்டவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 2 · லாரி ஓட்டுநர், ரொம்பின்

மாற்ற வேண்டாம், சகோதரி. என் மூத்தவனும் சீனப்பள்ளியில்தான் படித்தான். மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் அவன் பட்ட பாட்டைப் பார்த்து நாங்களும் இதே யோசனைக்கு வந்தோம். ஐந்தாம் ஆண்டில் அவனுக்கு வழி பிடிபட்டுவிட்டது. மாண்டரின் பேசத் தெரிந்த ஒருவரிடம் டியூஷனுக்கு விடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

பதிவு 3 · ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

அம்மா, தங்கள் பதிவை இருமுறை படித்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

தேசியப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றுக்கும் கணிதப் பாடத்திட்டம் ஒன்றே. முதலாம் ஆண்டில் 100 வரையிலான எண்கள், இரண்டாம் ஆண்டில் 1,000 வரை, மூன்றாம் ஆண்டில் 10,000 வரை, நான்காம் ஆண்டில் 100,000 வரை என்று உயர்ந்து, ஆறாம் ஆண்டில் ஒரு கோடியைத் தொடும். பின்னமும் தசமமும் விழுக்காடும் மூன்று வகைப் பள்ளிகளிலும் ஒரே ஆண்டில்தான் அறிமுகமாகின்றன. ஆகவே சீனப்பள்ளியில் வேறொரு கணிதம் இருக்கிறது என்று எண்ணிச் சேர்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அங்கே பயிற்சி மிகுதி, வீட்டுப்பாடம் மிகுதி, அந்தப் பயிற்சியை வீட்டில் மேற்பார்வையிடும் தாய் தந்தையருக்கு அம்மொழி தெரிந்திருக்கிறது. இம்மூன்றில் முதல் இரண்டு தங்கள் மகனுக்குக் கிடைக்கின்றன, மூன்றாவது கிடைக்கவில்லை. அவன் 82இலிருந்து 47க்கு இறங்கியது, எண்களை விட்டு வாக்கியங்களுக்குப் பாடம் நகர்ந்த அதே ஆண்டில் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

டியூஷனைப் பற்றி முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மகனின் பயிற்சி நூலில் அவன் தவறாகச் செய்த பிரச்சனைக் கணக்குகளில் ஆறினை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், வாக்கியங்களை நீக்கிவிட்டு, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலாக மட்டும் எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் விட்டு, அதே கேள்விகளை எண்களைச் சற்று மாற்றித் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் கேட்டுச் செய்யட்டும். மேலும் ஒரு நாள் கழித்து, மாண்டரினில் உள்ள மூலக் கேள்வியையே கொடுங்கள். வெறும் எண்களிலேயே தடுமாறினால் அவனுக்கு வாய்ப்பாடும் செய்முறையும் உறுதிப்படவில்லை என்று பொருள். அதற்கு எந்த மொழியில் டியூஷன் வைத்தாலும் பயன்படும், தாங்களே சொல்லிக் கொடுத்தாலும் போதும். எண்களில் சரியாகச் செய்து, தமிழில் கேட்டபோது தடுமாறினால், நிலைமையைக் கேட்டு அதற்கான செய்கையைத் தெரிவு செய்யும் பழக்கம் வரவில்லை. தமிழில் கேட்டபோது சரியாகச் செய்து, மாண்டரினில் மட்டும் தவறினால், அவனுக்குத் தேவைப்படுவது கணித ஆசிரியரே இல்லை. வாசிக்கச் சொல்லிக் கொடுக்கும் ஒருவர்.

இதே சோதனையை மகளுக்கும் மலாய்மொழியை வைத்துச் செய்யலாம். அவளுக்குக் கேள்வி எழுதும்போது தோட்டத்தில் புழங்கும் செய்திகளையே எடுங்கள். வெட்டுக்காட்டிலிருந்து 20 கிலோ ரப்பர் பால் வருகிறது, அதில் உலர் ரப்பர் 35 விழுக்காடு என்றால் எத்தனை கிலோவுக்குக் கூலி கணக்காகும் என்று கேளுங்கள். நம் முந்தைய தலைமுறை பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமலே, பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணியார் (தோட்ட எழுத்தர்) பாலில் உள்ள ரப்பரின் அளவைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை வாளிக்குள் இறக்கும்போது, 7 கிலோ என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றது. விழுக்காடு அவர்களுக்குப் பாடமாக இல்லை, கூலியாக இருந்தது.

பதிவு 4 · சீனப்பள்ளியில் பயின்ற தமிழ்ப்பெண்

வணக்கம் அக்கா. நான் பகாவிலேயே ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். 2007 முதல் 2012 வரை சீனப்பள்ளியில் படித்தேன். எங்கள் காலத்தில் கணிதப் பாடவேளைகளை மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும் பகிர்ந்து நடத்தினார்கள். ஆனாலும் எனக்குக் கணிதம் பதிந்தது மாண்டரினில்தான். இன்றும் கடையில் மீதிச் சில்லறையை மாண்டரினில் எண்ணித்தான் பழக்கம்.

தம்பிக்கு எங்கே இடறுகிறது என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. மாண்டரினில் எண்ணுவது நமக்கு எளிது. பதினொன்றை "ஷி யீ" என்பார்கள். அதாவது பத்து, ஒன்று. இருபது "அர் ஷி". அதாவது இரு பத்து. நம் தமிழ் இருபதும் அதே கட்டுமானம்தான். வாய்ப்பாடும் நாவில் வேகமாக ஓடும்: "சான் ச்சி அர் ஷி யீ" என்று ஐந்து அசைகளில் மூவேழு இருபத்தொன்று முடிந்துவிடும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் மொழி தெரியாத பிள்ளையும் கணக்கில் முந்திக்கொண்டு போகலாம். நான் அப்படித்தான் போனேன்.

சிக்கல் வாக்கியங்களில் தொடங்குகிறது. "யீகொங்" என்ற சொல்லுக்கு "மொத்தமாக" என்று பொருள். வீட்டில் மாண்டரின் பேசாத பிள்ளை அந்தச் சொல்லை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு, கண்ணில் படும் எண்களைக் கூட்டிவிடும். "ஷெங்சியா" என்றால் "எஞ்சியது". அதைக் கண்டால் கழித்துவிடும். ஆனால் "மெய்" என்று ஒரு சிறு எழுத்து வரும். "ஒவ்வொரு" என்பது அதன் பொருள். ஏழு பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் 24 முட்டைகள், மொத்தம் எத்தனை என்று கேள்வி இருந்தால், "மெய்" என்பதைக் கவனிக்காத பிள்ளை 31 என்று எழுதும். எனக்கு மூன்றாம் ஆண்டில் கிடைத்த சிவப்புக் கோடுகளில் பெரும்பாலானவை அந்த ஓர் எழுத்தால் வந்தவை. இதை எனக்கு விளக்கியது டியூஷன் ஆசிரியர் இல்லை. பக்கத்து வீட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த சீனப் பாட்டி. கடை வாசலில் உட்கார வைத்துக் கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படித்து முடித்த பிறகு முட்டைத் தட்டுகளைக் காட்டி "எதைச் சொல்கிறது, காட்டு" என்பார்.

அக்கா, அந்த ஆறு கேள்விகளைப் படம்பிடித்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். தமிழில் எழுதித் தருகிறேன். இன்னும் ஒன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அடுத்த ஆண்டு எண்கள் 10,000ஐத் தாண்டும்போது ஒரு புதிய தடை வரும். மாண்டரினில் பத்தாயிரத்துக்கு "வான்" என்று தனிப்பெயர் உண்டு. நூறாயிரத்தைப் "பத்து வான்" என்பார்கள். தமிழிலும் மலாய்மொழியிலும் ஆயிரத்தை வைத்து எண்ணும் வீட்டுப் பிள்ளை அங்கே ஒரு சுழியத்தைத் தொலைத்துவிடும்.

பதிவு 5 · மூன்று பிள்ளைகளின் தந்தை, கோலாப்பிலா

மன்னிக்க வேண்டும், நான் சற்று மாறுபடுகிறேன். இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் வந்துவிட்ட இடர்ப்பாட்டை எப்படிச் சமாளிப்பது என்றே பேசுகிறார்கள். வீட்டுமொழியில் கணிதம் கற்பிக்கும் பள்ளி நம் கண்முன்னே இருக்க, தாயும் தந்தையும் படிக்க முடியாத மொழியில் பிள்ளையை உட்கார வைத்தது ஏன் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். என் மூன்று பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அவர்களுடைய பயிற்சி நூலை நான் படித்தேன், என் மனைவி படித்தார், என் தாயாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆறாண்டு காலம் ஒரு வெள்ளி டியூஷனுக்குக் கொடுக்கவில்லை.

2016இல் டி.எல்.பி. எனப்படும் இருமொழித் திட்டம் வந்தபோது, தமிழ்ப்பள்ளியிலேயே கணிதத்தை ஆங்கிலத்துக்கு மாற்றச் சம்மதம் கேட்டுப் பெற்றோருக்குப் படிவங்கள் வந்தன. மறுத்தவர்களில் நானும் ஒருவன். ஆங்கிலத்தின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை வகுத்தலைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் மொழியையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது கூடுதல் சுமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். சகோதரியின் மகனைப் பற்றிப் படித்த பிறகு அந்த நம்பிக்கை கூடியிருக்கிறது.

பதிவு 6 · இரு பிள்ளைகளின் தாய், பகாவ்

கோலாப்பிலா அண்ணாவுக்கு: தங்கள் கேள்வி நியாயமானது, அதை நான் எனக்கே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபோது இருந்த துணிவு மகனின் காலத்தில் இல்லை. மகளுடைய வகுப்பில் பதினொரு பிள்ளைகளே இருந்தார்கள். தோட்டம் விற்பனையாகி, குடும்பங்கள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தப் பள்ளி நீடிக்குமா என்றே அப்போது பேச்சாக இருந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்த என் மகளும் இப்போது கணக்கு வராது என்று அழுகிறாள். அதனால்தான் இதைப் பள்ளி வகையை மட்டும் வைத்துத் தீர்த்துவிட முடியாது என்று எண்ணுகிறேன்.

ஆசிரியர் ஐயா சொன்ன சோதனையை இவ்வாரம் தொடங்குகிறேன். மொழிபெயர்ப்பு அனுப்பிய தங்கைக்கு மிக்க நன்றி.

பதிவு 7 · வீட்டில் டியூஷன் நடத்துபவர், ஜெம்போல்

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக என் வீட்டு முன்னறையில் டியூஷன் நடத்துகிறேன். முதல் பதிவில் எழுதப்பட்டிருந்த வெண்பலகைச் செய்தி என்னைச் சுட்டது. அப்படி நடப்பதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டுப்பாடம் முடிந்து வர வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதை முடித்துக் கொடுத்தால் பிள்ளை தொடர்ந்து வரும் என்று சிலர் கண்டுகொண்டார்கள்.

என் தொழிலுக்கு எதிராகப் பேசுவது போலத் தோன்றினாலும் சொல்கிறேன்: டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு டியூஷன் தேவையில்லை. தேவைப்படும் பிள்ளைக்கு ஒரு நிலையத்தைத் தேடும்போது கட்டணத்தைக் கேட்கும் முன், அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு பிள்ளையின் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பிள்ளையின் சொந்தத் தவறுகள் இருக்க வேண்டும், அந்தத் தவறுக்குப் பக்கத்திலேயே அதைத் திருத்திய வழியும் இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் சரியாகவும் அழகாகவும் இருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். நான் ஒரு வகுப்பில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஏனென்றால் ஒன்பதாவது பிள்ளையின் தவறை உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் இருக்காது.

மணிச்சட்ட (அபாகஸ்) வகுப்புகளைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அவை கணக்கிடும் வேகத்தை நன்றாக வளர்க்கின்றன. பிரச்சனைக் கணக்கில் எதைப் பெருக்க வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கு அந்த வேகம் உதவாது. எங்கள் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பலருக்குக் கைகொடுத்தது, டான்ஸ்ரீ தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள். குறைந்த கட்டணம் என்பதோடு, நம்மால் படிக்க முடியும் என்ற எண்ணத்தை அவை பிள்ளைகளிடம் முதலில் ஊன்றின. சகோதரியின் மகள் "எனக்கு வராது" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாள் அல்லவா, அதை உடனே கவனியுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு 8 · இரு பிள்ளைகளின் தாய், பகாவ்

சோதனையின் முடிவுகளை எழுதுகிறேன்; சற்று நீளும்.

மகன் முதல் நாள் ஆறு கணக்கையும் பத்து நிமிடத்தில் முடித்தான், ஆறும் சரி. தமிழில் சொல்லிக் கேட்டபோது ஐந்து சரி. ஒன்றில் கடன் வாங்கிக் கழிப்பதில் கவனப்பிழை. மாண்டரினில் கொடுத்தபோது ஆறில் இரண்டே சரி. தங்கை எழுதியது போலவே ஒரு கணக்கில் பெட்டிகளின் எண்ணிக்கையையும் பெட்டிக்குள் இருந்ததையும் கூட்டி வைத்திருந்தான். "இதை ஏன் கூட்டினாய்?" என்று கேட்டேன். "யீகொங் இருக்கிறதே, அம்மா" என்றான். அந்த வாக்கியத்தில் அவன் படித்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

மகளுக்குப் பின்னங்களில் வைத்துப் பார்த்தேன். தமிழில் "நான்கில் மூன்று, எழுது" என்றேன். மேலே 3, கீழே 4 என்று எழுதினாள். பத்துக் கேள்விகளும் சரி. பிறகு மலாய்மொழியில் சொன்னேன். "தீகா பெர் எம்பாட்" என்றதும் மேலே 4, கீழே 3 என்று எழுதினாள். முதலில் வேகத்தில் வந்த பிழை என்றே நினைத்தேன். அடுத்து "டுவா பெர் லீமா" என்றேன். ஐந்தை மேலே எழுதி இரண்டைக் கீழே எழுதினாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் நாம் கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம். மலாய்மொழியில் மேல் எண்ணை முதலில் சொல்கிறார்கள். ஆறாண்டு காலம், முதலில் காதில் விழும் எண்ணைக் கோட்டுக்குக் கீழே எழுதிப் பழகிய கை அது. இடைநிலைப்பள்ளி ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டு எழுதச் சொல்லும் சிறு சோதனைகளில் அவள் தொடர்ந்து இரண்டும் மூன்றுமாக வாங்கிவந்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கும்.

அருகில் உட்கார்ந்திருந்த மகன், "அக்கா, எங்கள் பள்ளியில் தமிழ் மாதிரியேதான் சொல்வார்கள்" என்று "ஸ்ஸு ஃபென் ஜு சான்" என்றான். நான்கு, பங்கு, உடைய, மூன்று. நான்கில் மூன்றேதான். மாண்டரினும் தமிழும் ஒரு பக்கமாக நிற்க, மலாய்மொழி மறுபக்கம் நிற்கிறது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். மகள் அன்றிரவு ஒரு தாளில் மூன்று மொழிகளிலும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். அவள் முகத்தில் கண்ட தெளிவை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பதிவு 9 · ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

அம்மா, முப்பத்தொரு ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்னம் கற்பித்து இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறாம் ஆண்டின் கடைசி மாதத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, "அங்கே இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்" என்று நான் ஒரு முறையும் சொன்னதில்லை. தங்கள் பதிவைப் படித்தபோது அது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு மொழிக்கும் இப்படிச் சில இடங்கள் உண்டு. தமிழில் தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிப்பதால், தொண்ணூற்றைந்து என்றதும் 105 என்று எழுதும் பிள்ளையை இரண்டாம் ஆண்டில் நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். அதை எதிர்பார்த்துப் பாடம் நடத்துவேன். மொழி மாறும் இடத்தில் வரும் தடையை மட்டும் யாரும் தம் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. நாங்கள் அனுப்பிவிடுகிறோம், அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், நடுவில் இருப்பது பிள்ளை மட்டும்.

கோலாப்பிலா நண்பருக்கும் ஒரு சொல். கணித வீழ்ச்சியை ஒரு பள்ளி வகையின் கணக்கில் எழுத முடியாது. டிம்ஸ் என்னும் அனைத்துலக ஆய்வு நம் நாட்டில் படிவம் இரண்டு மாணவர்களைச் சோதிக்கிறது. 1999இல் நம் புள்ளி 519, 2011இல் 440, 2023இல் 411. அந்த மாணவர்கள் எல்லா வகைத் தொடக்கப்பள்ளிகளிலிருந்தும் வந்தவர்கள். இந்த ஆண்டுகளுக்குள் கணிதத்தின் மொழி 2003இல் ஆங்கிலத்துக்குப் போனது. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவாகிப் படிப்படியாகத் தாய்மொழிக்கும் மலாய்மொழிக்கும் திரும்பியது. 2016இல் சில பள்ளிகளில் மீண்டும் ஆங்கிலம் வந்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளைகளின் கையில் பாலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவன் நான். வீட்டுமொழியில் தொடங்குவதே நல்லது என்னும் தங்கள் கருத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். தொடங்கிய பிள்ளையைக் கரை சேர்க்கும் வேலை அதோடு முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மகளுக்கு டியூஷன் வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் மலாய்ச்சொல், கீழே அவளே அமைத்த ஓர் எடுத்துக்காட்டு. தொகுதி எண்ணுக்குப் "பெங்ஙாங்கா", பகுதி எண்ணுக்குப் "பெஞெபுத்", பரப்பளவுக்கு "லுவாஸ்", கன அளவுக்கு "ஈசி பாடு" என்று ஒரு நாளைக்கு மூன்று சொற்கள் எழுதட்டும். ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கினால் அவளுக்கு அச்சம் தணியும். கழித்து மிஞ்சுவதை மலாய்மொழியில் "பாக்கி" என்பார்கள். நம் வீட்டிலும் அது பாக்கிதான். வகுத்தல் "பஹாகி", அதற்குள் நம் பாகம் இருக்கிறது. இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாடு "பேசா". அது நாம் சொல்லும் பேதம்.

பதிவு 10 · மூன்று பிள்ளைகளின் தந்தை, கோலாப்பிலா

ஐயா சொன்னதை ஏற்கிறேன். என் கடைசி மகள் அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். நேற்றிரவு அவளிடம் "தீகா பெர் எம்பாட்" எழுதச் சொன்னேன். மாற்றித்தான் எழுதினாள்.

பதிவு 11 · சீனப்பள்ளியில் பயின்ற தமிழ்ப்பெண்

தம்பிக்கு நான் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், அக்கா. கட்டணம் வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுத் தர மாட்டேன். கேள்வியை வாய்விட்டுப் படிக்க வைத்து, அதைத் தமிழில் உங்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்வேன். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். மாண்டரின் தெரியாதவர் என்பதால் நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அவன் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா என்பதே அவனுக்குச் சோதனை.

பதிவு 12 · லாரி ஓட்டுநர், ரொம்பின்

செலவைப் பார்க்காதீர்கள் என்று முதலில் எழுதியவன் நான். என் மகனுக்கு நான்கு ஆண்டுகள் கட்டிய பணத்தில் எவ்வளவு தேவையாக இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். சகோதரியின் முடிவைத் தெரிவியுங்கள்.

பதிவு 13 · இரு பிள்ளைகளின் தாய், பகாவ்

நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

மகனைப் பள்ளி மாற்றவில்லை. நிலையத்திலும் சேர்க்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் தங்கை வருகிறார். மற்ற நாள்களில், பென்சிலைத் தொடும் முன் கேள்வியை எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது வீட்டில் சட்டமாகிவிட்டது. முதல் வாரம் அழுதான். இரண்டாம் வாரத்தில், "ஒவ்வொரு பைக்குள்ளும் என்று போட்டிருக்கிறது அம்மா, ஆகவே பெருக்க வேண்டும்" என்று தானாகவே சொன்னான். சென்ற வாரப் பயிற்சியில் எட்டில் ஆறு சரி. மாண்டரின் வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. நான்காம் ஆண்டில் அந்த "வான்" வரும்போது மீண்டும் இங்கே வருவேன்.

மகளுடைய குறிப்பேட்டில் இதுவரை 58 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பின்னம் சொல்லும் முறையை விளக்கினேன். மலாய்க்கார ஆசிரியை அவர். தமிழில் வரிசை மாறும் என்பது அவருக்கு இதுவரை தெரியாது என்று சொல்லி, வகுப்பில் உள்ள மற்ற தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நால்வரையும் அழைத்து அன்றே எழுதச் சொல்லிப் பார்த்தார். நால்வரில் மூவர் மாற்றி எழுதினார்கள். இப்போது அவர் வாய்மொழிச் சோதனைகளில் பின்னத்தைச் சொல்லும்போது கையை மேலும் கீழும் காட்டிச் சொல்கிறாராம்.

நாளை அவளுக்குக் காரணிகள், மடங்குகள் பற்றிய சோதனை. குறிப்பேட்டில் "கண்டாஆன்" என்பதற்கு நேரே மடங்கு என்று எழுதி, அதற்குக் கீழே 6, 12, 18, 24 என்று பக்கத்தின் விளிம்பு வரை எழுதிக்கொண்டே போயிருக்கிறாள். விளக்கை அணைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். இன்னும் மீச்சிறு பொது மடங்குக்கு எடுத்துக்காட்டு எழுதி முடியவில்லையாம்.